மைனஸ் அரைக் கண்ணாடி

அண்ணைக்குச் சுவரில் ஆட்கள் தெரிகிறார்கள் என்று அண்ணி வந்து சொன்னபோது நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தலைகீழா நடந்து போகினமாம் தம்பி. ஒருத்தன் சைக்கிளிலையும் போனவனாம். அவனும் தலைகீழாத்தானாம்."

"காய்ச்சல் ஏதும் இருக்கே?"

"தொட்டுப் பாத்தன், இல்லை." அவர் குரலைத் தணித்தார். "மண்டைக்குள்ளை ஏதும் பிசகிப் போச்சோ தெரியேல்லை. அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைப்பம் எண்டு பாக்கிறன்."

நான் கத்தியை வைத்துவிட்டுப் போனேன். அண்ணையின் அறை பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஒழுங்கைக்கு அப்பாலிருக்கும் வெற்று வளவில் யாரோ வெளிநாட்டுக்காரர் மாடிவீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். சீமெந்துத் தூசு படுக்கைப் புண்ணுக்குக் கூடாது என்று தாதி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து யன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். அண்ணை யன்னல் பக்கம் தலைவைத்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

"உன்ரை அண்ணிக்கு நான் விசரனாம்," என்றார். "அங்கை பார். இப்ப ஒரு மனிசி வருவா."

வந்தது. சுவரின் மேற்பாதியில் ஒரு மங்கல் நிறம், கால் மேலே, தலை கீழே, கையில் பை போல ஏதோ ஒன்றுடன் இடமிருந்து வலமாகக் கடந்து மறைந்தது. ஒழுங்கையில் செருப்புச் சத்தம் எதிர்த்திசையில் போனது. நான் திரும்பி யன்னலைப் பார்த்தேன். பழைய முதிரைக் கதவில், சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு ஒன்று துளைத்துப் போன சின்ன ஓட்டை. வீட்டில் எல்லாவற்றையும் திருத்தியும் அதை மட்டும் யாரும் அடைக்கவில்லை. அதற்குள்ளால்தான் ஒழுங்கை அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு ஒண்டுமில்லை அண்ணை. ஓட்டையாலை வெளிச்சம் வந்து விழுத்துற விம்பம் உது. பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள்."

"அறப்படிச்சவர் சொல்லிட்டார்," என்றார் அண்ணை, அண்ணியைப் பார்த்து. "நேர்த்தியை மிச்சம் பிடி."

நான் அறப்படித்தவன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பாதி படித்தேன். அதற்குள் சண்டை வந்து ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. பிறகு ஊர் திரும்பியது. நான் சரியாகத் திரும்பவில்லை. வவுனியாவில் லொறி கழுவினேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோழி வெட்டினேன். கட்டாரில் வெயிலுக்குள் கம்பி கட்டினேன். எங்கேயும் ஒரு இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்காது. கடைசியாக மன்னாரில் ஒரு ஐஸ் கொம்பனியில் நின்றபோதுதான் அண்ணை விழுந்த செய்தி வந்தது. மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குதுறையால் வரும்போது வழுக்கியிருக்கிறார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள்ளந்தண்டு போய்விட்டது.

பிள்ளைகள் இல்லாத வீடு. அண்ணியால் தனியே அவரைப் புரட்ட முடியாது. புரட்டாவிட்டால் புண் வரும். வந்த புண் ஆழமாகும். எனவே வந்தேன், ஒரு மாதம் நிற்பதாகச் சொல்லி. அது எப்போதோ கழிந்துவிட்டது. புரட்டுவது, துடைப்பது, சிறுநீர்ப் பை மாற்றுவது, துணி அலசுவது, மறுபடி புரட்டுவது. பெரிய துயரம் என்று சொல்ல மாட்டேன். குனிந்து தூக்குவதால் வரும் நாரி நோவும், தூக்கம் வராமையும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பும்தான். மன்னாரிலிருந்து முதலாளி அடிக்கடி போன் எடுத்தார். இந்தக் கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவதாகச் சொன்னார். அதையும் அவர் சில கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணை கேட்டது ஒன்றைத்தான். கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் வீடு குருநகரில் கரைக்குக் கிட்ட. எதிர் வளவு வெறுமையாகக் கிடந்த காலத்தில் யன்னலடியில் நின்றாலே கடல் தெரியும், அவருடைய வள்ளம் கட்டிக் கிடப்பதும் தெரியும். நிற்க முடிந்தவர்களுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நாலு பேராகச் சேர்ந்து கட்டிலோடு தூக்கப் பார்த்தோம். வாசல் திரும்பும்போது கட்டில் சரிந்து புண் உடைந்து, மறுபடி ஆஸ்பத்திரி. அசைக்கவே கூடாது என்று எழுதித் தந்துவிட்டார்கள். யன்னலுக்கு மேலே அலுமாரிக் கண்ணாடியைச் சரித்துக் கட்டிப் பார்த்தோம். அதில் அவருக்கு முதலில் தெரிந்தது கடல் இல்லை, தன்னுடைய உடம்பு. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கழற்றச் சொன்னார். போனில் கடலைப் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினேன். "இது காலமைக் கடல்," என்றார். "இப்ப எப்பிடிக் கிடக்கு?"

அதற்குப் பிறகு சாப்பாடு குறைந்துவிட்டது. கேட்டால் பசிக்கவில்லை என்பார். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், நித்திரையும் இல்லை.

எனவே அன்று சுவரில் ஆட்களைக் கண்டதும் எனக்குத் தோன்றியது இதுதான். ஒழுங்கை வருகிறதென்றால் கடலும் வந்துகொண்டுதான் இருக்கும். ஓட்டை சின்னது, வெளிச்சம் காணாது, அதனால் தூரத்திலுள்ளது தெரியவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கினால் எல்லாம் கலங்கும். கலங்காமலிருக்க ஓட்டையில் ஒரு குவிவு வில்லை வேண்டும். தூரத்திலிருந்து வரும் வெளிச்சத்தை அது ஓரிடத்தில் சேர்க்கும். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் கடல் வந்து துணியில் விழும்.

எதிர் வளவில் வேலை செய்த மேசனிடம் அளக்கிற ரேப் கேட்கப் போனேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற மெலிந்த மனிதர்.

"என்னத்துக்கு அண்ணை?"

"இஞ்சையிருந்து எங்கடை யன்னல் எவ்வளவு தூரம் எண்டு பாக்க."

"மதில் பிரச்சினையோ? எனக்கு ஒண்டும் தெரியாது. நான் கூலிக்கு நிக்கிறவன்."

இல்லை என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு ரேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு நடந்தார். போகிற போக்கில் கேட்டேன், இந்தப் பக்கச் சுவர் எப்போது எழும்பும் என்று.

"அத்திவாரம் முடிஞ்சுது. இனிக் கல்லு வைக்கிறதுதான். சனிக்கிடையிலை உங்கடை யன்னல் உயரத்துக்கு வந்திடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் யன்னலுக்கும் கடலுக்கும் நடுவே அந்தச் சுவர்தான் வரப்போகிறது. நாலைந்து வரி கல் வைத்தால் வள்ளம் மறைந்துவிடும். அண்ணை கடலைப் பார்ப்பதென்றால் அதற்குள் பார்க்க வேண்டும்.

யன்னலிலிருந்து கரை நாற்பத்துநாலு மீற்றர். கரையிலிருந்து வள்ளத்துக்கு எவ்வளவு என்று அண்ணையிடம் கேட்டேன்.

"இருவது பாகம்," என்றார், கண்ணைத் திறக்காமல்.

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவருடைய பாகத்துக்கு ஒன்றே முக்கால் மீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். இருபது என்றால் முப்பத்தாறு. எல்லாமாக எண்பது மீற்றர்.

மருந்துக்கடைப் பையின் பின்பக்கத்தில் எழுதினேன். பொருட்தூரம் எண்பது. அறையின் நீளம் மூன்று மீற்றருக்கு மேல். கட்டிலும் வைத்துத் துணியும் கட்ட வேண்டுமென்றால் விம்பம் யன்னலிலிருந்து இரண்டு மீற்றர் சொச்சத்தில் விழ வேண்டும். ஒன்றை விம்பத்தூரத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைப் பொருட்தூரத்தால் வகுத்து வருவதைக் கழித்தால், ஒன்றைக் குவியத்தூரத்தால் வகுத்தது வரும். இது எனக்கு மறக்கவில்லை. கூடவே குறி வழக்கும் மறக்கவில்லை. ஒளி வரும் திசைக்கு எதிராக அளந்தால் சக, ஒளி போகும் திசையில் அளந்தால் சய. பிளஸ்ஸுக்குச் சக, மைனஸுக்குச் சய என்றுதான் எங்கள் ஆசிரியர் சொல்வார். வள்ளம் இருப்பது ஒளி வரும் பக்கம், அது சக எண்பது. துணி மறுபக்கம், அது சய. எப்படிச் செய்தாலும் குவியத்தூரம் சய இரண்டு மீற்றர் என்று வந்தது. வர வேண்டியதும் அதுதான். குவிவு வில்லைக்குக் குவியத்தூரம் எப்போதும் மைனஸ். அதை வகுப்பில் எல்லோரையும் சேர்ந்து சொல்லவைத்திருக்கிறார்கள்.

"உது என்ன கணக்கு?" என்று அண்ணி எட்டிப் பார்த்தார்.

"குறி வழக்கு அண்ணி."

"வழக்கோ? ஐயோ, ஆர் போட்டது? வெளிநாட்டுக்காரரோ?"

அண்ணை கட்டிலிலிருந்து மூச்சால் சிரித்தார். நீண்ட நாளுக்குப் பிறகு கேட்ட சத்தம்.

குவியத்தூரம் இரண்டென்று வைத்து மறுபடி செய்தால் விம்பம் இரண்டு மீற்றரும் ஐந்து சென்ரிமீற்றரும் தள்ளி விழும். அதை எண்பதால் வகுத்தால் உருப்பெருக்கம். பெருக்கம் என்று பெயர்தானே தவிர, இங்கே அது நாற்பதில் ஒன்றாகச் சுருங்குவது. பதினெட்டு அடி வள்ளம் பதினாலு சென்ரிமீற்றராகத் தெரியும். நான் கையை விரித்து அண்ணைக்குக் காட்டினேன்.

"ஒரு சாணும் வராது. இவ்வளவுதான் தெரியும். அதுவும் தலைகீழா."

அவர் என் கையைப் பார்த்தார்.

"காணும்," என்றார்.

பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட மூக்குக்கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. ஒன்றில் ஏறினேன். வேலைக்கு நிற்கும் ஒரு இளம் பெண்பிள்ளை மட்டும் நின்றது.

"கண் செக் பண்ணவோ அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. ஒரு வில்லை மட்டும் வேணும். வெட்டாமல், வட்டமாவே. குவியத்தூரம் ரெண்டு மீற்றர்."

"ஆருக்கு?"

"யன்னலுக்கு."

பிள்ளை என்னைப் பார்த்தது. நான் முகத்தை மாற்றவில்லை.

"ரெண்டு மீற்றர் எண்டால் பவர் அரை," என்றது. "பிளஸ்ஸோ மைனஸோ?"

"மைனஸ்," என்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு உறுதியாகச் சொன்ன பதில்கள் குறைவு.

யன்னல் கதவைக் கழற்றி, ஷெல் ஓட்டையை வாளாலும் அரத்தாலும் பெரிதாக்கி, வில்லையைச் சின்னச் சட்டமடித்துப் பொருத்தினேன். மற்ற இடுக்கெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தேன். அண்ணை கோயிலுக்கு உடுக்கிற வேட்டியைக் கயிற்றில் கட்டி, யன்னலிலிருந்து இரண்டு மீற்றரும் ஐந்து சென்ரிமீற்றரும் அளந்து தொங்கவிட்டேன். அது அவருடைய முழங்காலுக்கு மேலே வந்தது. அண்ணி மறுபடி மறுபடி வேட்டியின் சுருக்கை இழுத்துவிட்டார். அண்ணையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தினோம். கதவைச் சாத்தினேன்.

வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்.

கயிற்றை முன்னுக்கு இழுத்தேன். பின்னுக்குச் சுவர்வரை கொண்டுபோனேன். வில்லையைத் துடைத்தேன். திருப்பிப் போட்டேன். வெளிச்சம் அகன்றது, மங்கியது. கடல் வரவில்லை.

"முந்தி வந்த ஆக்களையும் காணேல்லை," என்றார் அண்ணை.

உண்மைதான். ஓட்டையைப் பெரிதாக்கியதில் அதுவும் போய்விட்டது. அண்ணி தரையில் கிடந்த மரத்தூளைக் கூட்டினார். நான் மருந்துப் பையை எடுத்துக் கணக்கைத் திரும்பச் செய்தேன். கணக்குச் சரி. அதுதான் எரிச்சல். பிழை இருந்தால் திருத்தலாம். வெளியே மேசன் கல்லைத் தட்டி இருத்தும் சத்தம் கேட்டது. முதல் வரி.

அன்று பின்னேரம் அண்ணை சோறு வேண்டாம் என்றுவிட்டார். புரட்டும்போது, "நீ மன்னாருக்குப் போ," என்றார். கோபமில்லை. எனக்காக யோசித்துச் சொன்ன குரல். அதுதான் கூடச் சுட்டது.

அடுத்த நாள் கடைக்குப் போனபோது அதே பிள்ளை நின்றது.

"யன்னலுக்கு இப்ப வடிவாத் தெரியுதோ அங்கிள்?"

வில்லையை மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். படுக்கையில் கிடக்கும் அண்ணை, எதிரே எழும்பும் சுவர், எல்லாம். பகிடி அதன் முகத்திலிருந்து போய்விட்டது. இன்னொரு வில்லையை எடுத்து, இரண்டையும் ஒரு பேப்பருக்கு மேலே பிடித்தது. என்னுடையதை அசைத்தபோது எழுத்துகள் அதோடு சேர்ந்து போயின. மற்றதை அசைத்தபோது எழுத்துகள் எதிர்ப்பக்கம் ஓடின. தடவிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அரைப் பவரில் தடிப்பு, மெல்லிசு கைக்குத் தெரியாது.

"இது குழிவு அங்கிள். வெளிச்சத்தைச் சேர்க்காது, விரிக்கும். உங்களுக்கு வேணுமெண்டது குவிவு. குவிவு பிளஸ்."

"குவிவு மைனஸ் பிள்ளை. பள்ளிக்கூடத்திலை அப்பிடித்தான்."

"பள்ளிக்கூடத்திலை எல்லாமே மைனஸ்தானே அங்கிள்." பிறகு நிதானமாகச் சொன்னது: "நானும் அப்பிடித்தான் படிச்சனான். எங்கடை குறி வழக்கிலை குவிவின்ரை குவியத்தூரம் மைனஸ். ஆனால் பவர் எண்டு சொல்லேக்கை குவிவு பிளஸ். கடையிலை பவர்தான். நான் இஞ்சை வேலைக்கு வந்து முதல் கிழமை மாறி எழுதி நல்லா ஏச்சு வாங்கினனான். உங்களுக்கு வில்லையின்ரை வலு படிப்பிக்கேல்லையோ? அது அடுத்த பாடம்."

"அந்தப் பாடத்துக்கு முன்னம் நாங்கள் வெளிக்கிட்டிட்டம்," என்றேன்.

பிள்ளைக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வில்லையை மாற்றித் தந்தது.

வீட்டுக்கு வரும்போது எதிர் வளவில் மூன்றாவது வரி போய்க்கொண்டிருந்தது. மேசனிடம் போய், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிந்திக் கட்ட முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் என்ன செய்யிறது அண்ணை. வீட்டுக்காரர் பின்னேரமானால் வட்சப்பிலை படம் கேக்கிறார்." கரண்டியை வாளி விளிம்பில் தட்டினார். "சரி, அங்காலைப் பக்கத்தைத் துடங்குறன். ரெண்டு நாள் தருவன். அதுக்கு மேலை ஏலாது."

வில்லையை மாற்றிப் பொருத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு திரும்பியபோது அண்ணி சிலுவை அடையாளம் போடுவதைத்தான் முதலில் கண்டேன். பிறகுதான் வேட்டியைப் பார்த்தேன்.

கடல் வந்திருந்தது. வானம் கீழே, நிலம் மேலே, நடுவில் வெயில் பட்ட தண்ணீர். அலையின் மினுக்கம் வேட்டியில் ஊர்ந்தது. வள்ளங்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு காகம் மல்லாக்கப் பறந்து போனது. மேலே, புதுச் சுவரின் மூன்று வரி கிட்டத்தில் இருப்பதால் கலங்கிய சாம்பல் பட்டையாகத் தெரிந்தது. ஒழுங்கையில் யாரோ மீன் விலை கேட்கும் சத்தம் வந்தது. கடல் சத்தமில்லாமல் கிடந்தது.

அண்ணையின் கண் வேட்டியில் அங்குமிங்கும் போனது.

"வௌவால் மாதிரியெல்லே தொங்குது எல்லாம்," என்றார் கடைசியில். பிறகு, "பண்ணைப் பாலம் வலக்கைப் பக்கம்தான் கிடக்கு. அது மாறேல்லை," என்றார். பிறகு, "நீலத்திலை சிவப்புக் கோடு போட்டது என்ரை."

"ஓம்."

"அணியம் கிழக்கை நிக்குது. கொண்டல் துடங்கிட்டுதோ? ஒருத்தரும் சொல்லேல்லையே எனக்கு."

கட்டிக் கிடக்கும் வள்ளத்தின் முன்பக்கம் காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும். காற்று மாறியதை நான் கவனிக்கவேயில்லை. தினமும் இரண்டு தடவை கரைக்குத் துணி காயப்போடப் போகிறவன் நான்.

சிறிது நேரத்தில் அவருடைய முகம் இறுகியது. "டேய், பின்பக்கம் தாண்டு கிடக்கு. மழைத்தண்ணி. ஆரும் இறைக்கேல்லை."

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. வேட்டிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வள்ளத்தின் பின் விளிம்பு, பக்கத்து வள்ளத்தோடு பார்த்தால், தண்ணீருக்கு அரைச் சென்ரிமீற்றர் கிட்ட இருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தேன். அரையை நாற்பதால் பெருக்கினால் இருபது. இருபது சென்ரிமீற்றர் அமுங்கியிருக்கிறது. ஒரு சாண். இன்னொரு மழை பெய்தால் எஞ்சின் இல்லாத அந்த வள்ளமும் மூழ்கி நிலத்தில் இருந்துவிடும். நாங்கள் தினமும் "நல்லாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த வள்ளம்.

வாளியோடு போனேன். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஏறி, இறைத்தேன். வேட்டியில் நான் நாலு சென்ரிமீற்றர் உயரம் இருந்திருப்பேன். நாரி விட்டுப்போனது. ஒருமுறை நிமிர்ந்து எங்கள் யன்னலைப் பார்த்தேன். சாத்திய கதவும் நடுவில் ஒரு பளபளப்பும் தெரிந்தன. அதற்குள் ஒருவர் என்னைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் கையைக் காட்டினேன்.

திரும்பி வந்தபோது அண்ணை பாதிக் கோப்பைச் சோறு சாப்பிட்டிருந்தார்.

"காத்துக்கு எதிரா ஊத்துறான் பார் மடையன்," என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊத்தினதிலை பாதி திரும்ப வள்ளத்துக்குள்ளை. கடலுக்கு ஆகாதவன் எண்டு அப்பு அப்பவே சொன்னவர்."

மேசன் சொன்ன இரண்டு நாளும் தந்தார். அந்த இரண்டு நாளும் அண்ணை வெளிச்சம் வந்ததிலிருந்து போகும்வரை வேட்டியைப் பார்த்தார். யார் எப்போது போனார்கள், யார் வலை காயப்போட்டார்கள், யாருடைய எஞ்சின் பிடிக்கவில்லை, எல்லாம் அண்ணிக்குச் சொன்னார். புரட்டுவதற்குக்கூட, "பொறு, உவன் வந்து கட்டட்டும்," என்று எங்களைக் காக்கவைத்தார். வேலை குறையவில்லை. அதே துணி, அதே பை, அதே நாரி நோ.

பிறகு இந்தப் பக்கச் சுவர் எழும்பியது. வெளியே அது கீழிருந்து மேலே எழும்பியது. எங்களுக்கு வேட்டியில் மேலேயிருந்து கீழே இறங்கியது. ஒரு கலங்கிய சாம்பல் விளிம்பு, கல் கல்லாக, கரையை மூடி, கட்டிக் கிடந்த வள்ளங்களை ஒவ்வொன்றாக மூடி இறங்கியது. விளிம்பில் ஒரு பெரிய மங்கல் உருவம் குனிந்து குனிந்து அசைந்தது. அண்ணையின் வள்ளம் கடைசியாகப் போனவற்றில் ஒன்று. சிவப்புக் கோடு சிறிது நேரம் நின்றது. பிறகு அதுவும் இல்லை.

"திரையை இறக்கிறாங்கள்," என்றார் அண்ணை.

பின்னேரத்துக்குள் அடியில் வானம் மட்டும் ஒரு கீலமாக மிஞ்சியது. நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"விடு," என்றார். "கழட்டாதை."

"இனி ஒண்டும் தெரியாது அண்ணை."

"அங்கை ஒருத்தன் நிண்டு வேலை செய்யிறான். கலங்கலாத் தெரியுது. அவனைத் தெளிவாக்க ஏலாதோ?"

ஏலும். சுவர் யன்னலிலிருந்து எட்டு மீற்றர். முன்பே மேசனோடு அளந்தது. மருந்துப் பையின் மிச்ச இடத்தில் எழுதினேன். இந்த முறை குறிகளைப் போடவில்லை. அரையிலிருந்து எட்டில் ஒன்றைக் கழித்தேன். விம்பத்தூரம் இரண்டு மீற்றரும் அறுபத்தேழும். பொருள் கிட்ட வந்தால் விம்பம் பின்னுக்குப் போகும். போகும்போது பெருக்கும். நாற்பதில் ஒன்றாக இருந்தது இப்போது மூன்றில் ஒன்று. சுவரில் புது ஆணி அடித்து, கயிற்றைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன்.

மேசன் வந்தார். முழங்கையளவுக்கும் மேலான உயரத்தில், சாரத்தின் கோடு தெரிய, தலையில் கட்டிய துவாய் தெரிய, தலைகீழாக. சாந்தை அள்ளி மேல்நோக்கி வைத்தார், அது விழவில்லை. கல்லைத் தூக்கி அதன்மேல் தொங்கவிட்டார். நின்று, புறங்கையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"வெயில் ஏறினதிலையிருந்து தனியத்தான் நிக்கிறான் பாவி," என்றார். "அவனுக்கு ஆரும் தேத்தண்ணி குடுத்தவையே?"

அண்ணி என்னைப் பார்த்தார். எழுந்து குசினிக்குப் போனார். கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. என் சட்டைப் பையில் போன் அடித்தது, மன்னார். கூடத்துக்குப் போய் எடுத்தேன். முதலாளி தொடங்குவதற்கு முன்பே, வேறு ஆளைப் போடச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசினார், நான் ஓம் என்றேன், வைத்தேன். இதனால் மனம் நிறைந்தது என்று சொல்ல முடியாது. கால் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது அண்ணி வேட்டிக்குள் வந்திருந்தார். கால் மேலே, தலை கீழே, கையில் கோப்பை, தட்டில் ஒரு துண்டுப் பணிஸ். ஒழுங்கையைக் கடக்கும்போது கொஞ்சம் கலங்கி, சுவருக்குக் கிட்டப் போகப் போகத் தெளிந்தார். மேசன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு குனிந்து கோப்பையை வாங்கினார். கோப்பை கவிழ்ந்தபடி அவருடைய வாய்க்குப் போனது. ஒரு துளியும் சிந்தவில்லை.

"அட," என்றார் அண்ணை.

அவரைப் புரட்ட வேண்டிய நேரம் ஆகியிருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலடியில் நின்றேன்.

"பொறு," என்றார். "அவன் குடிச்சு முடிக்கட்டும்."